லைசென்ஸ் இல்லாத கச்சேரி

ஒரு சப்-இன்ஸ்பெக்டருக்குச் சட்டம் சொல்லிக் கொடுப்பதில் ஒரு தனி சுகம் இருக்கிறது. அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். போன சனிக்கிழமை சாயங்காலம், ஆம்பூரில் ஒரு தோல் கிடங்குக்குள் நின்றுகொண்டு அந்தச் சுகத்தை முழுசாக அனுபவித்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததிலிருந்து இன்னும் தெளியவில்லை. நேற்று ஒரு பதிவுத் தபாலுக்குக் கையெழுத்துப் போட்டேன் – தேதி போட மறந்துவிட்டேன்! தபால்காரரே திரும்பி வந்து, "சார், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மற்றதுதான்...

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் பூர்வோத்தரம் தெரியும். தாலுகா ஆபீசில் லைசென்ஸ் செக்‌ஷனைப் பார்த்துக்கொண்டவன் நான். சர்க்கஸ், டூரிங் டாக்கீஸ், நாடகம், பொருட்காட்சி – நாலு பேர் ஓர் இடத்தில் சந்தோஷமாகக் கூடினால் அதற்கு ஒரு அனுமதி உண்டு. அந்த அனுமதிக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அந்த விண்ணப்பத்தில் ஒரு குறை உண்டு. அந்தக் குறையைக் கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம். ரிட்டயரான பிறகும் கண் சும்மா இருக்குமா? பேப்பரில் அச்சுப்பிழை தேடிக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை என் மகள் கிருபா பேப்பரைப் பிடுங்கி மடித்து வைத்தாள். கிருபா வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். எங்களுக்கு ஒரே பெண்.

"அப்பா, வீட்லயே உக்காந்துட்டிருந்தா துருப்பிடிச்சிடுவீங்க. ஒரு கச்சேரி இருக்கு, வாங்க போலாம்."

"யார் கச்சேரி?"

"பசங்க பேண்டுப்பா. லோக்கல் பசங்க."

ரிட்டயரான அப்பாவின் மேல் இவ்வளவு அக்கறையுள்ள மகள் யாருக்குக் கிடைப்பாள்? போனேன். போன பிறகு சனிக்கிழமை தவறாமல் போனேன். குடியாத்தத்தில் தறி சத்தம் கேட்கும் ஒரு சங்கக் கட்டடம், ஆற்காட்டில் ஒரு லாட்ஜின் மொட்டை மாடி, வாணியம்பாடியில் ஒரு பள்ளிக்கூட ஹால். எங்கே போனாலும் முப்பது நாற்பது பேர்தான் இருப்பார்கள். ஷிப்ட் முடித்து வந்த டேனரி ஆட்கள், விடுமுறைக்கு வந்த நர்ஸுகள், காலேஜ் பையன்கள். நடுவில் வேட்டியும் மூக்குக் கண்ணாடியுமாக நான் ஒருவன். தணிக்கைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து, முதல் தடவை எனக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள்.

முதல் அதிர்ச்சி – சத்தம். கண்ணாடி மூக்கில் நடுங்கும் என்று யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது அதிர்ச்சி – சினிமாப் பாட்டே கிடையாது! கல்யாண வீட்டு மெல்லிசைக் குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டு வரும், கேட்ட பாட்டைப் பாடுவார்கள், கேட்டவர் பெயரையும் மைக்கில் சொல்வார்கள். முறையான ஏற்பாடு. இந்தப் பையன்களிடமும் ஒருவர் அப்படிச் சீட்டு நீட்டினார். பாடுகிற பையன் வாங்கிப் படித்துவிட்டு, பவ்யமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தான் எழுதிய பாட்டைப் பாடினான். விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டு நடவடிக்கை எடுக்காமல் விடுவது... இது எங்கள் ஆபீஸ் வித்தை ஆயிற்றே! எனக்கு அந்தப் பையனைப் பிடித்துப்போனது.

அவன் பெயர் சேவியர். ஆம்பூரில் ஒரு டேனரியில் ஃபினிஷிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். நகக்கண்ணில் எப்போதும் சாயம். கிடார் வாசிப்பான், பாட்டும் அவனே எழுதுவான். டிரம்ஸ் அடிக்கிறவன் ஷபீர், தோல் வியாபாரி வீட்டுப் பிள்ளை, வாய் ஜாஸ்தி. மூன்றாவதாக ஆர்கன் வாசிக்கும் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவர் வாயே திறக்கமாட்டார். குழுவுக்குப் பெயர் 'வெட் ப்ளூ'. இங்கிலீஷ் பாட்டுக்காரர்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். இல்லையாம். குரோம் போட்டு எடுத்த ஈரத்தோல் நீலமாக இருக்குமே, அதற்கு டேனரியில் அதுதான் பெயராம்.

தோல் என்றதும் ஷபீரின் டிரம் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடையில் டிரம்முக்கு பிளாஸ்டிக் தோல் விற்கிறார்கள். ஷபீருக்கு ரோஷம். "இன்னா சார் இது, ஆம்பூர்ல பொறந்துட்டு பிளாஸ்டிக் போட்டு அடிக்கிறதா? எங்க வாப்பா கேட்டா கட்டையால அடிப்பாரு!" என்று, அவர்கள் கிடங்கிலேயே முதல் தரமான, கப்பலேறத் தயாராக இருந்த பளபளப்பான எக்ஸ்போர்ட் தோலை எடுத்து டிரம்மில் இழுத்துக் கட்டிவிட்டான். பார்க்க ராஜா மாதிரி இருந்ததாம். மேடையில் அடித்தால் தலையணையைத் தட்டின மாதிரி 'பொத்'. வேர்த்து விறுவிறுத்து அடித்தும் முதல் வரிசைக்கே கேட்கவில்லையாம். அப்புறம்தான் பச்சை ஆட்டுத்தோலுக்கு மாறினான்.

"பதப்படுத்திட்டா தோலு ஊமையாயிடுது சார்" என்றான் என்னிடம்.

மைக் இன்னொரு வேடிக்கை. எர்த் கொடுக்காத மைக். உதடு பட்டால் ஷாக் அடிக்கும். அதனால் சேவியர் அதன் தலையில் ஒரு கைக்குட்டையைச் சுற்றி, வெள்ளை முண்டாசு கட்டின மாதிரி வைத்திருப்பான். மின்சார விதிகளை எடுத்துச் சொன்னேன். "சரி சார்" என்று கேட்டுக்கொண்டு இன்னொரு கைக்குட்டை சுற்றினான்.

அவன் பாட்டில் ஒன்று எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

'பாலாறு வந்தா சொல்லியனுப்பு
நான் ஷிப்ட்டுல இருப்பேன்
சங்கு ஊதறதுக்குள்ள வந்துட்டேன்னா
கரையில நிப்பேன்.'

ஆற்றில் தண்ணீர் வராத கஷ்டத்தை என்ன அழகாக எழுதியிருக்கிறான்! "பொதுப்பணித் துறைக்கு அனுப்ப வேண்டிய பாட்டு" என்று கிருபாவிடம் பாராட்டினேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "ஆமாப்பா" என்றாள்.

இதற்கிடையில் கிருபாவுக்கு ஒரு சம்பந்தம் பார்த்திருந்தேன். மாப்பிள்ளை பெங்களூரில் பேங்க் அதிகாரி. எங்களைப் போலவே புராட்டஸ்டன்ட் குடும்பம். ஞானஸ்நான சர்டிபிகேட், சபைக் கடிதம், போட்டோ எல்லாம் வரிசைப்படி ஒரு ஃபைலில் போட்டு நாடாவும் கட்டியாகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்து நிச்சயம் செய்துகொண்டு போவதாகத் திட்டம். கிருபாவைக் கேட்டபோதெல்லாம் "பார்க்கலாம்ப்பா" என்பாள். மறுப்பு வரவில்லை என்றால் சம்மதம் என்றுதானே அர்த்தம்? ஆபீசில் அப்படித்தான்.

போன சனிக்கிழமை ஆம்பூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று சொன்னாள்: "அப்பா, அந்த பெங்களூரு விஷயமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

நல்ல மூடில் இருந்தேன். "எதுவா இருந்தாலும் உங்கம்மா மூலமா வரட்டும்மா. த்ரூ ப்ராப்பர் சேனல்!" என்று சொல்லிவிட்டு நானே சிரித்தேன்.

கிருபா சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெயில் படுகிறது போலிருக்கிறது என்று நினைத்து, குடையைக் கொடுத்தேன்.

கச்சேரி ஷபீர் வீட்டுப் பழைய கிடங்கில். சரக்கு அனுப்பிவிட்டதால் காலியாக இருந்தது. வாசனை மட்டும் காலி செய்யவில்லை. வாசலில் ஒரு பிஸ்கட் டப்பா, இஷ்டப்பட்டவர்கள் இஷ்டப்பட்டதைப் போடலாம். உட்காருவதற்குச் சாக்கு. எனக்கு வழக்கப்படி நாற்காலி. யாரோ ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கி வந்து எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது பாட்டின் நடுவில் கதவு திறந்தது. சப்-இன்ஸ்பெக்டர். பின்னால் ஒரு கான்ஸ்டபிள்.

"நிறுத்துங்கப்பா! இங்க யாரு பொறுப்பு?"

சேவியர் கிடாரைப் பிடித்துக்கொண்டே முன்னால் வந்தான். "நான்தான் சார்."

"லைசென்ஸ் எங்க?"

"எதுக்கு சார்?"

"எதுக்கா? ஜனங்களைக் கூட்டி, மைக் போட்டு, ஊரையே அதிர வெச்சிட்டு எதுக்குன்னா கேக்குற? பக்கத்துல கம்ப்ளெயிண்ட் கொடுத்திருக்காங்க. கான்ஸ்டபிள்! அந்தப் பொட்டி, கிடாரு, மேளம் எல்லாத்தையும் ஜீப்புல ஏத்துய்யா."

ஷபீர் டிரம்மைக் கட்டிக்கொண்டான். "சார் சார்... இத்த மட்டும் வுட்டுடுங்க சார். பச்சைத் தோலு. ஸ்டேஷன்ல வெச்சா எலி தின்னுடும் சார், பெரிய பேஜாராயிடும்!"

"தின்னட்டும். எலிக்கு லைசென்ஸ் வேணாம்."

சாமான் ஸ்டேஷனுக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வழக்குச் சொத்து என்று ஒரு சீட்டு ஒட்டுவார்கள். அப்படிப் போன ஒரு ஆர்மோனியம் கோர்ட்டிலிருந்து திரும்பி வந்தபோது, வாசித்தவருக்குக் கை நடுக்கம் வந்திருந்தது. திரும்பிக் கிருபாவைப் பார்த்தேன். முகம் வெளுத்துப் போயிருந்தது. சங்கீதத்தின் மேல் எவ்வளவு பிரியம் பார் இந்தப் பெண்ணுக்கு என்று தோன்றியது.

எழுந்தேன். "ஒரு நிமிஷம் சார்."

"நீங்க யாரு பெரியவரே?"

என் பெயரையும் வகித்த பதவியையும் சொன்னேன். 'பெரியவரே' உடனே 'சார்' ஆனது.

"பொதுமக்கள் கூடுற கேளிக்கைக்குத்தான் லைசென்ஸ். குடும்ப விசேஷத்துக்கு இல்லை. வெளியே கூம்பு ஸ்பீக்கர் கட்டினா உங்க அனுமதி வேணும். இது நாலு சுவத்துக்குள்ள இருக்கிற பெட்டி. சத்தத்தைக் குறைக்கச் சொல்லலாம். சாமானைத் தொடறதுக்கு முகாந்திரம் இல்லை."

அந்தச் சுகத்தைப் பற்றித்தான் முதலில் சொன்னேன்.

"குடும்ப விசேஷமா? என்ன விசேஷம்?"

இங்கேதான் யோசித்தேன். கல்யாணம் என்றால் பாதிரியாரைக் கேட்பார். பிறந்தநாள் என்றால் கேக்கைக் கேட்பார். ஒரு ஆதாரமும் தேவைப்படாத விசேஷம் ஒன்றுதான் இருக்கிறது.

"நிச்சயதார்த்தம்" என்றேன்.

"வாசல்ல டப்பா இருக்குதே?"

"மொய்."

"நிச்சயதார்த்தத்துக்கா மொய்?"

"முன்கூட்டியே."

சப்-இன்ஸ்பெக்டர் டப்பாவை எடுத்து ஆட்டிப் பார்த்தார். "சார், நீங்க கவர்மெண்ட்ல இருந்தவரு. போலீஸ்கிட்ட பொய்த் தகவல் கொடுத்தா இன்னான்னு நான் சொல்லத் தேவையில்ல."

"இந்திய தண்டனைச் சட்டம், நூத்தி எண்பத்திரண்டு. ஆறு மாசம் வரைக்கும்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். கேட்ட கேள்விக்கு விடை தெரிந்திருந்தால் என் வாய் என் பேச்சைக் கேட்காது.

"நல்லது. பொண்ணு யாரு?"

இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தேன். நர்ஸுகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஷபீர் கூரையைப் பார்த்தான். கான்ஸ்டபிள் ஆர்கன் மேல் கை வைத்தார்.

சாக்கிலிருந்து கிருபா எழுந்தாள். புடவையில் ஒட்டியிருந்த தோல் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்து வந்தாள்.

"நான்தான் சார்."

எனக்கு நெஞ்சு விம்மியது. சமயோசிதம்! யார் மகள்? அப்பா மாட்டிக்கொள்ளக் கூடாது என்று எப்படி வந்து நிற்கிறாள் பாருங்கள்!

"மாப்பிள்ளை?"

சேவியர் கிடாரைக் கழற்றிச் சுவரில் சாய்த்தான். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "நான் சார்" என்றான். பலே, இவனும் நன்றாக நடிக்கிறானே என்று நினைத்தேன்.

சப்-இன்ஸ்பெக்டர் விடுவாரா? "மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க யாரையும் காணோமே?"

நான் வாயைத் திறப்பதற்குள் கிருபா சொன்னாள்: "அப்பா தவறிட்டாரு சார். அம்மா மட்டும்தான். அவங்களுக்குச் சர்க்கரை. கால்ல புண்ணு, நடக்க முடியல. ரத்தம் டெஸ்ட்டுக்கு எங்க லேபுக்குத்தான் வருவாங்க, நான்தான் எடுப்பேன். வேற யாரு ஊசி போட்டாலும் கத்துவாங்க. இவரு தங்கச்சியைக் கோலார்ல கட்டிக் கொடுத்திருக்கு. அடுத்த மாசம் பிரசவத்துக்கு வர்றாங்க. அதுக்குள்ள முடிச்சிடணும்னு அம்மா சொல்றாங்க."

முப்பது வருஷம் விசாரணை நடத்தியவன் நான். பொய் சொல்கிறவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். கேட்காததையும் சொல்கிறவர் உண்மை சொல்கிறவர். கோலார் தங்கையை யார் கேட்டது?

என் காலுக்குக் கீழே தரை இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

"உங்க அம்மா எங்க?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"வீட்ல இருக்காங்க சார். அவங்களுக்குத் தெரியும்."

அவங்களுக்குத் தெரியும்! மைக்கை உதட்டில் வைத்திருந்தால்கூட எனக்கு அப்படி ஷாக் அடித்திருக்காது.

"தட்டு மாத்தியாச்சா?"

"இன்னும் இல்ல சார்" என்றான் சேவியர்.

"அப்ப மாத்துங்க. இருந்து பார்த்துட்டுப் போறேன்." என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

தட்டுக்கு எங்கே போவது? தோல் கிடங்கில் தாம்பாளம் இருக்குமா? ஷபீர் டிரம்ஸிடம் ஓடினான். காலால் மிதித்தால் ஒன்றோடொன்று மோதுமே, அந்த ஜோடிப் பித்தளைத் தட்டுகளைத் திருகிக் கழற்றினான். சட்டையால் துடைத்தான். கவிழ்த்து, ஒன்றில் மக்கன் பேடாவும், இன்னொன்றில் யாரோ சாப்பாட்டுக்கு வைத்திருந்த வாழைப்பழச் சீப்பும் வைத்தான். ஆர்கன் வாத்தியார் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவராக வந்து நின்றார். அப்போதும் வாய் திறக்கவில்லை.

ஒரு தட்டை என் கையில் கொடுத்தார்கள். கனமான பித்தளை. பிடியை மாற்றியபோது என் நகம் பட்டு அது சன்னமாக 'ஙொய்ங்' என்று பாடியது.

கிருபா என் பக்கத்தில் வந்து நின்றாள். மெதுவாகக் கேட்டேன், "ஏம்மா... இது நடிப்புதானே?"

"இல்லப்பா."

"அப்ப பெங்களூரு?"

"அது நீங்க போட்ட ஃபைலுப்பா. நான் எங்கயாவது கையெழுத்து போட்டேனா?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"இன்னிக்குக்கூட பஸ்ல சொல்ல வந்தேனே..." என்றாள். தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க. தட்டைக் கீழ வெச்சிடுங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். வீட்டுக்கு வந்துடறேன்."

என் முன்னால் இருந்த நிலைமையைக் கொஞ்சம் பாருங்கள். தட்டைக் கொடுத்தால் என் மகள் ஒரு ரோமன் கத்தோலிக்க, ஆர்.சி. பையனுக்கு, கிடார் வாசிக்கும் பையனுக்கு, நிச்சயமாகிறாள். கொடுக்காவிட்டால் நான் போலீசிடம் பொய்த் தகவல் சொன்னவன் ஆகிறேன், பையன்களின் சாமான் ஜீப்பில் ஏறுகிறது. சட்டம் என் பக்கம் இருப்பதாகத்தான் எழுந்து நின்றேன். இப்போது அது என் பின்னால் நின்று முதுகில் தள்ளிக்கொண்டிருந்தது.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமே. அந்த நேரத்தில் நூற்று எண்பத்திரண்டு என் ஞாபகத்தில் இல்லை. 'வீட்டுக்கு வந்துடறேன்' என்று சொன்ன முகம்தான் தெரிந்தது. அவள் சொன்னபடி வருவாள். வந்து, ஞாயிற்றுக்கிழமை காபி தம்ளரோடு பெங்களூர்க்காரர்கள் முன்னால் நிற்பாள். கேட்டால் "பார்க்கலாம்ப்பா" என்பாள். ஆயுசு முழுக்க.

தட்டை நீட்டினேன். வாத்தியார் வாங்கிக்கொண்டு, அவர் தட்டைக் கொடுத்தார்.

கிடங்கு அதிர்ந்தது. நர்ஸுகள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு கம்ப்ளெயிண்டே எழுதியிருப்பார். "முபாரக் சார், முபாரக்!" என்று ஷபீர் என்னைக் கட்டிப்பிடித்தான். சேவியர் வந்து, "ரொம்ப தேங்க்ஸ்... மாமா" என்றான்.

மாமா! சாயங்காலம் வரைக்கும் நான் சார்.

சப்-இன்ஸ்பெக்டர் பேடாவைக் கடித்துக்கொண்டே, "ஒரு பாட்டு பாடச் சொல்லுங்க, கேட்டுட்டுப் போறேன். சத்தம் மட்டும் கம்மியா" என்றார். சேவியர் பாலாற்றுப் பாட்டைப் பாடினான். மைக்கே இல்லாமல். பொதுப்பணித் துறைக்கும் அந்தப் பாட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அங்கிருந்த நாற்பது பேருக்கும் அது முன்பே தெரிந்திருந்தது என்பது அவர்கள் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி சுகிர்தத்தைக் கேட்டேன். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நீங்க முதல் கச்சேரிக்குப் போறதுக்கு முன்னாடிலேர்ந்தே. பையனை நீங்களே நாலு தடவை பார்த்துப் பேசிப் பழகட்டும்னுதான் உங்களைக் கூட்டிட்டுப் போகச் சொன்னேன். வந்து வந்து அவனைப் பத்தியே பேசுனீங்களே? நல்ல பையன், நல்ல பையன்னு."

பேசினேன்தான். மறுப்பதற்கில்லை. ஆக, நான் கச்சேரிக்குப் போய்க்கொண்டிருக்கவில்லை. மாப்பிள்ளை பார்க்கப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன்! எனக்கு மட்டும் அந்த உத்தரவின் நகல் வரவில்லை.

பெங்களூருக்கு அன்று ராத்திரியே மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன். ஆர்.சி.க்கும் புராட்டஸ்டன்டுக்கும் கல்யாணம் என்றால் மேற்றிராணியாரிடம், அதாவது பிஷப்பிடம், தனி அனுமதி வாங்க வேண்டும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. இருக்கிற முறையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னபோது கிருபா என் தோளில் சாய்ந்து அழுதாள். எதற்கு அழுகிறாள் என்று கேட்கவில்லை. இந்த வாரம் எனக்கு இதற்கு மேல் தகவல் தாங்காது.

புதன்கிழமை ஆம்பூருக்குப் போனேன், சேவியரின் அம்மாவைப் பார்க்க. மாப்பிள்ளை வீட்டார்தான் முதலில் வர வேண்டும் என்பது வழக்கம். கால் புண்ணுக்கு வழக்கம் தெரியாதே! அந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது: "கிருபா சாப்பிட்டுச்சா?" பெங்களூரிலிருந்து வந்த எந்தக் கடிதத்திலும் இந்தக் கேள்வி இல்லை.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அதே சப்-இன்ஸ்பெக்டர். யூனிபார்ம் இல்லாமல் இருந்தார்.

"வாங்க சார். சம்பந்தி வீட்டுக்கா?"

மறைக்க என்ன இருக்கிறது? "சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நான்..."

"தெரியும் சார்" என்றார். "எனக்கும் ரெண்டு பொண்ணுங்க. நீங்க நிச்சயதார்த்தம்னு சொன்னப்பவே பொய்யின்னு தெரிஞ்சுபோச்சு. உங்க பொண்ணு எழுந்து நின்னுச்சு பாருங்க, அது நெஜம்னும் தெரிஞ்சுபோச்சு. அதே கிடங்கு, அதே நிச்சயதார்த்தம். நீங்க சொன்னா பொய், உங்க பொண்ணு சொன்னா நெஜம். நீங்களே சொல்லுங்க சார், நான் எந்தச் செக்‌ஷன்ல போடுறது?"

எனக்குத் தெரியாத செக்‌ஷன் ஒன்று இருக்கத்தான் செய்கிறது!